பழைய எம்டி 90க்கு எந்தப் பெற்றோல்?

கேள்வி: வணக்கம் அண்ணை, என்னட்ட இருக்கிறது அப்பாவின்ர எம்டி 90 மோட்டச்சைக்கிள், சண்டைக்காலப் பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெயில ஓடினது. இப்ப பின்னால நெல்லு மூட்டை வைச்சுக்கொண்டு குளக்கட்டில ஏறினா எஞ்சினுக்க கிணுகிணு எண்டு சத்தம். ஒராள் ஒக்ரேன் 95 பெற்றோல் அடி எண்டுறார், மற்றாள் 92க்குள்ள கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்கட்டாம். எதை அடிக்கிறது?
- ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: தம்பி, 92 காணும். 95 எண்டா சக்தி கூடின பெற்றோல் எண்டு கனபேர் நினைக்கினம், அப்பிடியில்ல, சிலிண்டருக்க அமுக்கேக்க தன்ர பாட்டில வெடிக்காம எவ்வளவு தாங்கும் எண்டதுதான் அந்த இலக்கம். எம்டி 90 யப்பான்ல தபால் குடுக்கிறதுக்கெண்டு செய்த சைக்கிள், அமுக்கம் குறைஞ்ச எஞ்சின், 95க்குக் குடுக்கிற மிச்சக் காசு வீண்.

மண்ணெண்ணெய் கலக்கவே வேண்டாம். அந்த நேரம் எங்களுக்கு வேற வழி இருக்கேல்ல, காபிரேற்றருக்க நாலு துளி பெற்றோல் விட்டு உதைச்சு, சூடான பிறகு மண்ணெண்ணெயில ஓடி, எத்தினை காயக்காரரை ஆசுப்பத்திரிக்கு ஏத்தினதெண்டு அப்பாவைக் கேட்டாச் சொல்லுவார். ஆனா அது சரியா எரியாம கரி கட்டும், மிச்சம் பிஸ்டன் றிங்கால வழிஞ்சு ஒயிலோட கலக்கும். ஒயில் குச்சியை இழுத்து, மண்ணெண்ணெய் மணக்குதோ எண்டு ஒருக்கா மணந்து பாருங்கோ.

உங்கட சத்தத்துக்கும் அந்தக் கரியைத்தான் நான் முதல் சந்தேகப்படுவன். கரி ஏறினா உள்ளுக்க இடம் குறைஞ்சு அமுக்கம் கூடும், பாரத்தில ஏறேக்க பெற்றோல் நேரத்துக்கு முந்தி வெடிக்கும். ஒரே ஒருக்கா 95 அடிச்சு அதே மூட்டையோட அதே கட்டில ஏறிப் பாருங்கோ, சத்தம் நிண்டா காரணம் ஒண்டில் கரி, இல்லையெண்டா டைமிங் (பொறி அடிக்கிற நேரம்), சிலிண்டருக்கு மேல இருக்கிற ஹெட்டைக் கழட்டிக் கரியைத் துப்பரவாக்கி, டைமிங்கையும் பாத்துப்போட்டு திரும்ப 92க்கே வாங்கோ. சத்தம் நிக்கேல்லையெண்டா, அதுவும் சைக்கிள் ஓடாம ஸ்ராட்டில சும்மா நிக்கேக்கயும் டிக்டிக் எண்டு கேட்டா வால்வைத் தள்ளுற டப்பெற், அதுக்கும் பெற்றோலுக்கும் சம்பந்தமில்ல.

மாரி தொடங்க முதல் இன்னொண்டு. காபிரேற்றருக்குக் கீழ இருக்கிற சின்ன ஆணியை இளக்கி கண்ணாடிப் போத்தலுக்க கொஞ்சம் இறக்குங்கோ, அடியில முத்து மாதிரி உருண்டு நிண்டா அது தண்ணி. 2022 பெற்றோல் லைனுக்குப் பிறகு கானில சேர்த்து வைச்ச பழைய பெற்றோல் வீட்டில கிடந்தா அதையும் சைக்கிளுக்க ஊத்தாதேங்கோ, பிசின் மாதிரிப் பிடிச்சு காபிரேற்றருக்க பெற்றோல் வாற சின்ன ஓட்டையை, அதுதான் ஜெற், அடைச்சுப்போடும்.