பழைய மோட்டாரில் புது மெஷின்

கேள்வி: அண்ணே, பாயான் லெப்பாஸில் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். சிப் சோதிக்கும் மெஷின் ஒன்றைப் புதிதாக உருவாக்குகிறோம். பணம் இல்லாததால், ஓரங்கட்டிய பழைய மெஷின்களிலிருந்து மோட்டாரையும் சென்சாரையும் கழற்றி மாட்டச் சொல்கிறார் முதலாளி. வாடிக்கையாளர் பார்த்தால் சிரிக்க மாட்டாரா?
– ஒரு வாசகர், பினாங்கு

பதில்: இதில் சிரிக்க என்ன இருக்கிறது தம்பி? டென்மார்க்கில் ரீசேகர் என்ற தச்சர் 1970-களில் காற்றாலை கட்டியபோது கடையில் கிடைத்த சாதாரண மின்மோட்டாரைத்தான் ஜெனரேட்டராக மாற்றினார், லாரி பாகங்களையும் சேர்த்துக்கொண்டார், அதுவே 22 கிலோவாட் கொடுத்தது. அமெரிக்காவில் நாசாவும் போயிங்கும் 2.5 மெகாவாட்டில் ராட்சதக் காற்றாலை செய்துபார்த்தன. ஆனால் 1980-களில் கலிஃபோர்னியாவில் வரிசை வரிசையாகக் காற்றாலை நட்டபோது நன்றாக விலைபோனவை டென்மார்க்கின் சின்னக் காற்றாலைகள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. டென்மார்க்கில் காற்றாலை வைத்திருந்தவர்கள் 1978-ல் சங்கம் அமைத்து, எது எவ்வளவு ஓடியது, எங்கே உடைந்தது என்று மாதாமாதம் பத்திரிகையில் போட்டார்கள். செய்கிறவர்கள் அதைப் படித்து அடுத்ததைத் திருத்தினார்கள்.

நான் அதைச் செய்யாமல் பட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு ஃபேக்டரியில் கன்வேயருக்குப் பழைய மோட்டார் ஒன்றை மாட்டினோம், அருமையாக ஓடியது, எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் இரண்டாவது கன்வேயர் கேட்டார்கள். மோட்டாரின் பெயர்த்தகடு எப்போதோ தேய்ந்துபோய், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் இரண்டு எழுத்துதான் தெரிந்தது. எந்த மாடல், எந்த மெஷினிலிருந்து வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதற்கு ஈடான மோட்டாரைத் தேடியே மூன்று வாரம் போயிற்று.

அதனால் முதல் மெஷினைப் பழைய பாகங்களிலேயே தைரியமாகச் செய்யுங்கள். 1972-லிருந்து தொழிற்சாலைகள் ஓடுகிற ஊர், கழித்துப்போட்டதிலும் நல்ல சரக்கு கிடைக்கும். கழற்றும்போதே பெயர்த்தகட்டைப் போட்டோ எடுங்கள், ஓடிய மணிநேரத்தையும் பழுதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த மாடல் இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இல்லையென்றால் இப்போதே மாற்று பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இரண்டாவது மெஷினுக்கு ஆர்டர் வந்தபிறகு நேரம் இருக்காது. வாடிக்கையாளர் வந்தால் எதையும் மறைக்காமல், எது பழையது, விற்கும் மெஷினில் அந்த இடத்தில் என்ன வரும் என்று அந்த நோட்டையே திறந்து காட்டுங்கள்.