சினிமாவில் ‘ஆண் பார்வை’ என்கிறார்களே, பெண்ணை அழகாகக் காட்டினாலே தப்பா?

அழகாகக் காட்டுவதில் தப்பே இல்லை. யார் கண் வழியாகக் காட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம். இங்கிலாந்தின் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975-இல் ‘ஸ்கிரீன்’ என்ற திரைப்பட ஆய்விதழில் எழுதிய கட்டுரையில், கேமரா பார்ப்பது, நாம் பார்ப்பது, பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்ப்பது என்று சினிமாவில் மூன்று பார்வைகள் உண்டு, பழைய ஹாலிவுட் படங்கள் முதல் இரண்டையும் மறைத்து நாயகனின் பார்வைக்குள் நம்மை உட்கார வைத்துவிடுகின்றன என்றார். அவன் பார்ப்பவன், அவள் பார்க்கப்படுபவள். இதுதான் ‘ஆண் பார்வை’.

இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ படத்தையே (1958) எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் ஸ்காட்டி, மேடலின் என்ற பெண்ணைக் காரில் பின்தொடரும்போது அவன் முகம், முன்கண்ணாடிக்கு அப்பால் அவள் கார், திரும்பவும் அவன் முகம் என்று மாறி மாறி வரும். வசனமே இல்லாமல், கொஞ்ச நேரத்தில் நாமும் அவளைத் தொடர்ந்து போய்க்கொண்டிருப்போம். அப்புறம் மேடலின் இறந்துவிட்டதாக நம்பும் அவன், அவளைப் போலவே இருக்கும் ஜூடியைச் சந்தித்து, மேடலினாகவே மாற்றப் பார்க்கிறான். ஜூடிக்குச் சாம்பல் நிற உடை வாங்கிக் கொடுத்து, முடிக்குப் பொன்னிறச் சாயம் பூச வைத்து, அதுவும் போதாமல் கொண்டையையும் தான் நினைத்த மாதிரியே போடச் சொல்வான் பாருங்கள், எனக்கு நெஞ்சு பதறும் இடம் அதுதான். நீ சொல்கிறபடி மாறினால் என்னைக் காதலிப்பாயா என்று கேட்கிறாள் ஜூடி.

மல்வி தன் கட்டுரையில் இனவேறுபாட்டைப் பற்றிப் பேசவில்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் இதே படங்களைத் தள்ளி நின்று, கேள்வி கேட்டபடியே பார்த்தார்கள் என்று 1992-இல் கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் எழுதினார். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.