கவுன்சிலர் இல்லாத ஊர்

அன்புள்ள ஐயா,

கடலூரில் முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு ஹங்கேரியை எடுத்திருக்கிறேன். உலக நாடுகளின் ஜனநாயகத்தை அளவிடும் ஸ்வீடனின் வி-டெம் நிறுவனத்தினுடைய 2025 அறிக்கையின்படி உலகில் எதேச்சாதிகார நாடுகள் 91, ஜனநாயக நாடுகள் 88. மக்களில் 72 விழுக்காட்டினர் எதேச்சாதிகாரத்தின் கீழ் வாழ்கிறார்களாம். ஜனநாயகத்தின் காலம் முடிந்துவிட்டதா? சிங்கப்பூரைப் போலத் திறமையான ஒருவரிடம் நாட்டை ஒப்படைத்தால் என்ன?

எஸ்., கடலூர்

அன்புள்ள எஸ்.,

சில வாரங்களாக என் மனதை அரித்துக்கொண்டிருப்பதை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. இந்த வயதில் இதற்காகக் கவலைப்படுகிறீர்களே, அதற்கே உங்களை அணைத்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரை விட்டுவிடுவோம். திறமையானவரிடம் ஒப்படைக்கலாம் என்பவர்கள், அவர் கெட்டுப்போனால் எப்படி இறக்குவது என்று மட்டும் சொல்வதே இல்லை. அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

எதேச்சாதிகாரம் என்றதும் என் தலைமுறைக்கு 1975 ஜூனில் வந்த நெருக்கடி நிலைதான் நினைவுக்கு வரும்: கைதுகள், பத்திரிகைத் தணிக்கை. இன்று அது சத்தமில்லாமல் வருகிறது. 2010இல் ஹங்கேரியில் விக்டர் ஓர்பானின் கட்சி பாதிக்குச் சற்று மேல் வாக்குகள் பெற்று நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தது; அவர் பிரதமரானார். பிறகு நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62 ஆனது. மூத்தவர்கள் கூட்டமாக வீட்டுக்குப் போனார்கள். இதையெல்லாம் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

நீங்கள் அறியாதது தென்பெண்ணை ஆற்றுக்கு இந்தப் பக்கம், நான் வாழும் புதுச்சேரியில் இருக்கிறது. இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அடுத்தது 2006இல்! அந்த மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போனது. 2021இல் தேதிகூட அறிவித்தார்கள், அதுவும் நின்றுபோனது. இத்தனைக்கும் இந்த மண் இந்தியாவோடு இணைவதை முடிவுசெய்தவர்கள் யார்? 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பேர், சட்டப் பேரவை உறுப்பினர்களும் நகராட்சிக் கவுன்சிலர்களும். அவர்களில் 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். நாட்டையே தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களின் ஊரில் இன்று குப்பைத்தொட்டி வைக்கச் சொல்லக்கூட ஒரு கவுன்சிலர் இல்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தது. எங்கள் தெருவில் வேப்பமரம் மின்கம்பத்தோடு சாய்ந்து கிடந்தது, கம்பிகள் சேற்றில். எங்கள் கவுன்சிலரின் பதவி அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. மனுவை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தோம். உங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அக்கா வீட்டுத் தெருவிலும் அதே கோலம்தான். ஆனால் அங்கே அக்டோபரில்தான் தேர்தல் முடிந்திருந்தது. அக்காவும் தெருப் பெண்களும் புதுக் கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். மனிதர் லுங்கியோடு ஓடிவந்து, அரிவாளும் ஆளுமாகக் கூடவே நின்று மரத்தை வெட்டவைத்தார். மின்சாரத்தை அவராலும் கொண்டுவர முடியவில்லை. இருந்தாலும் அக்கா ஏசிய ஏச்சைத் தலைகுனிந்து கேட்க ஒருவர் இருந்தார். நான் அதிகாரியின் அறை வாசலில் கைகட்டி நின்றேன். என் வாக்கால் அவருக்கு ஆவதும் ஒன்றுமில்லை, போவதும் ஒன்றுமில்லை.

உங்கள் ஊர் மட்டும் என்ன வாழ்ந்தது? 2016இல் பதவிக்காலம் முடிந்த கடலூருக்கு 2022 பிப்ரவரியில்தான் மறுபடி தேர்தல் வந்தது. அப்போது நீங்கள் பள்ளி மாணவர், உங்களைச் சொல்லவில்லை. உங்கள் பேராசிரியர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 91ஆ 88ஆ என்று எண்ணத் தெரிந்தவர்களுக்குச் சொந்த ஊரின் காலி நாற்காலிகளை எண்ண ஏன் தோன்றவில்லை? இது எனக்கு ஆறாத கோபம். எங்கள் புதுச்சேரிக் கடற்கரையில் 2014 மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டடத்தை, அதாவது பழைய நகராட்சிக் கட்டடத்தைப் பழையபடியே எழுப்பிவிட்டார்கள். நின்று படமெடுப்பவர்கள் ஏராளம். உள்ளே உட்கார வேண்டிய மன்றம் எங்கே என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

ஹங்கேரியைப் பற்றி எழுத அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள், தம்பி. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் (இங்கே ஊராட்சிக்கு அப்படித்தான் பெயர்) 2011க்குப் பிறகு எந்தச் சாலை, எந்த வாய்க்கால், யார் முடிவால் போடப்பட்டது என்று ஆய்வேடு எழுதுங்கள். கோப்புகளைக் கேட்டு அலைய வேண்டியிருக்கும். நானும் கூட வருகிறேன்.