ரெட்டைப் பிள்ளையளும் பம்பஸ் செலவும்

கேள்வி: ரெட்டைப் பிள்ளையள், பிறந்து மூண்டு கிழமை. அவருக்கு மேசன் வேலை, நாள் சம்பளம். பம்பஸுக்கே காசு முடியுது, எப்பிடி அக்கா சமாளிக்கிறது?
— கிளிநொச்சி வாசகி

பதில்: தங்கச்சி, இந்த வயசில ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 8, 10 தரம் மாத்தவேணும், ரெண்டுக்கும் எண்டா 20 வரைக்கும் போகும், முழுக்க பம்பஸ் எண்டா எந்த வீடும் தாங்காது. அதால பகலில துணி, ராவில மட்டும் பம்பஸ். பழைய பருத்திச் சாரம், வேட்டியளைக் கிழிச்சு ஓரம் தைச்சு 30, 40 துண்டு வைச்சிருங்கோ, வன்னி வெயிலுக்குக் கொடியில போட்ட கையோட முறுகக் காய்ஞ்சிடும், ஆனா கார்த்திகை மார்கழி மழைக்கு ஒண்டுமே காயாது, அந்த ரெண்டு மாசத்துக்கெண்டு இப்பவே கொஞ்சம் கொஞ்சமா காசு ஒதுக்குங்கோ. சின்ன சைஸை மலிவெண்டு பெட்டி பெட்டியா வாங்காதேங்கோ, என்ர பிள்ளையளுக்கு வாங்கினதில அரைவாசி தொடையில இறுகி, பக்கத்து வீட்டுக்குத்தான் குடுத்தனான்.

பால்மாவுக்கு அவசரப்படாதேங்கோ. 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் பெரும்பாலும் ரெண்டு பேருக்கும் காணும், கிளினிக்கில திரிபோஷா எண்ட சத்துமா தந்தா நீங்கள் சாப்பிடுங்கோ, வீட்டில ஆக்களுக்குப் பங்கு வைக்காதேங்கோ. பால் காணாதெண்டு பயமா இருந்தா கடைக்கு ஓடாம முதல் மிட்வைஃபிட்டைப் பிள்ளையளின்ர நிறையைப் பாக்கச் சொல்லுங்கோ.