வேலை போன பிறகு: சில கேள்விகள், என் பதில்கள்

ஆள் எடுக்கும் மேசையில் இருபது வருடம் உட்கார்ந்தவள் நான். நடுவில் ஒருமுறை என்னையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதனால் எதிர் நாற்காலியும் எனக்குப் பழக்கம்தான். கேட்டவர்களின் கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: மேடம், வேலை சரியில்லை என்று நீக்கிவிட்டார்கள். இன்டர்வியூவில் "நானே விட்டுவிட்டேன்" என்று சொல்லிவிடலாமா?

அன்றைக்குத் தப்பிக்கலாம். சேர்ந்து சில மாதம் கழித்து, பழைய இடத்தில் விசாரித்த காகிதம் வந்து சேரும். அப்போது வேலை போவது பொய் சொன்னதற்காக. அதை அடுத்த இன்டர்வியூவில் எப்படிச் சொல்வீர்கள்?

என்ன நடந்தது, அதில் உங்கள் பங்கு என்ன, அப்புறம் எதை மாற்றிக்கொண்டீர்கள் என்று மூன்று வாக்கியத்தில் முடியுங்கள். ஒருநாள் அடுத்தடுத்து இரண்டு பேர் வந்தார்கள். முதல் ஆள், மேசையில் இருந்த என் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகக் கால்மணி நேரம் பழைய மேனேஜரைத் திட்டினார். அவருக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்க நேரமே கிடைக்கவில்லை. அடுத்து வந்த பெண், "மாதக் கணக்கை மூன்று தடவை தாமதமாக முடித்தேன், அனுப்பிவிட்டார்கள். வேலை குவிவதை முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. இப்போது தற்காலிகமாகப் பார்க்கும் இடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மீதி வேலையை எழுதி மேலே கொடுத்துவிடுகிறேன்" என்றார். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நிறுத்தத் தெரிந்ததுதான் அவருடைய சாமர்த்தியம். அதற்கு மேல் நோண்ட எங்களுக்கு ஒன்றும் இல்லை, கணக்கு வேலைக்குப் பேச்சு போய்விட்டது.

வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை தொண்டை அடைக்கும். பத்தாவது தடவை அடைக்காது.

கேள்வி: "நீயே ராஜினாமா எழுதிக் கொடு, இல்லாவிட்டால் டிஸ்மிஸ்" என்கிறார்கள். கொடுத்துவிடவா?

அந்த அறையில் வைத்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்றால் போதும். ராஜினாமா கௌரவமாகத் தெரியும். ஆனால் பல நாடுகளில், தானாக விலகியவருக்கு வேலையில்லாக் கால உதவித்தொகை கிடைக்காது, அல்லது தள்ளிப்போகும். பிறகு வழக்காடுவதும் சிரமம்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆவது உடன்படிக்கை 1982-இல் வந்தது. நீக்குவதற்குத் தகுந்த காரணம் வேண்டும், குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஆகவே உங்கள் நாட்டுத் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். நீக்கியதை எதிர்த்துப் போக ஜெர்மனியில் 3 வாரம்தான் கெடு, ஆஸ்திரேலியாவில் 21 நாள். மனசு ஆறட்டும் என்று இருந்தால் கெடு போய்விடும்.

கேள்வி: பழைய மேனேஜர் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ரெஃபரன்ஸுக்கு யார் பெயரைக் கொடுப்பது?

அவரைத்தான் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? அங்கிருந்து விலகிப்போன மூத்தவர், கூட வேலை பார்த்த வேறு பிரிவின் தலைவர், உங்களிடம் திருப்தியாக வேலை வாங்கிய வாடிக்கையாளர் என்று யோசியுங்கள். பெயரைக் கொடுக்கும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். பழைய ஆபீஸ் எச்.ஆரிடமும், யாராவது விசாரித்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுவைக்கலாம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, இவற்றோடு நிறுத்திக்கொள்ளும் இடங்கள் நிறைய உண்டு.

கேள்வி: அக்கா, நெருங்கிய நண்பர்களிடம் சொல்லியாகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. மற்றவர்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த மற்றவர்களிடம்தான் வேலை இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைப் பார்த்து, அந்தத் தெரிந்தவரை எத்தனை அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. கேட்டது 54 பேரிடம், சின்னக் கணக்குத்தான். ஆனாலும் காரணம் புரிகிறது. உங்கள் நண்பர்களுக்குத் தெரிந்த செய்தி ஏற்கெனவே உங்களுக்கும் தெரியும். என் அடுத்த வேலையும், ஆறு வருடம் பேசாமல் இருந்த ஒருவரிடமிருந்துதான் வந்தது. "வேலை இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "இந்த வேலை தேடுகிறேன், யாரிடம் பேசலாம்" என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்வது எளிது.

கேள்வி: ஏஜென்ட் ஒருவர் முன்பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் அதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின், 1997-இல் வந்த 181-ஆவது உடன்படிக்கையின் பொது விதி. ஆள் தேவைப்படுபவர் கொடுக்கட்டும்.

கேள்வி: மூன்று மாதம் ஆயிற்று. நாள் முழுக்கச் சும்மாதான் இருக்கிறேன், ஒரு விண்ணப்பம் போடக்கூட முடியவில்லை.

சோம்பேறி என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். 1930 வாக்கில் ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூரின் ஆலை மூடியது. சமூக உளவியலாளர் மேரி யஹோடாவும் கூட்டாளிகளும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடப்பதே மெதுவாகியிருந்தது. வேலை போனால் நாளின் எலும்புக்கூடும் சேர்ந்து போய்விடுகிறது. காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் தேடுங்கள், அதுவும் வீட்டுக்கு வெளியே ஒரு மேசையில். தூக்கமே கெட்டுவிட்டது என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தப்பு என் மேல்தான். கல்லாப் பணத்தில் கை வைத்தேன். இனி யார் எடுப்பார்கள்?

எழுதியதற்கே தைரியம் வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அது, ரசீதோடு. இப்போதைக்குப் பணம் புழங்கும் வேலைக்கு விண்ணப்பிக்காதீர்கள். கிடங்கு, டெலிவரி, பராமரிப்பு என்று பாருங்கள். முதலாளியே நேரில் பேசி ஆள் எடுக்கும் சின்ன இடமாக இருந்தால் நல்லது. அவர் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட்டு ரசீதைக் காட்டுங்கள். சிலர் கதவைச் சாத்துவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐந்தாறு இடம் ஏறி இறங்க வேண்டிவரும்.