இரவு முழுக்க உயிர்க்கலப் படம்: போக்கஸ் விலகினால் என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தில் நுணுக்குக்காட்டியால் உயிருள்ள கலங்களை இரவு முழுக்கப் படம் எடுக்கும்போது போக்கஸ் விலகுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வதுபோல 60 மடங்கு எண்ணெய் ஒப்ஜெக்டிவில் (மாதிரியின் கண்ணாடிக்கும் வில்லைக்கும் நடுவே எண்ணெய்த் துளி வைத்துப் பார்க்கும் வில்லை) முதல் சில மணி நேரம்தான் போக்கஸ் விலகுகிறது என்றால், கமராவையோ மென்பொருளையோ நோண்ட வேண்டாம். நுணுக்குக்காட்டியின் சூட்டுப் பெட்டியை 2, 3 மணி நேரம் முன்பே 37 பாகையில் ஓட விடுங்கள், ஒப்ஜெக்டிவும் உள்ளேயே இருக்கட்டும்.

அந்த ஒப்ஜெக்டிவில் கூர்மையாகத் தெரியும் ஆழமே அரை மைக்ரோமீற்றர் அளவுதான். உலோகம் சூடேறி விரியும்போது அதைவிடக் கூடுதலாக நகரும். கலங்கள் இருக்கும் தட்டை மட்டும் சூடாக்கும் சின்ன இன்கியூபேற்றர் என்றால் இன்னும் மோசம், எண்ணெய் வழியாக ஒப்ஜெக்டிவ் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒப்ஜெக்டிவில் சுற்றும் சூடேற்றிப் பட்டி கொடுத்த காசுக்குப் பயன் தரும்.

அதற்குப் பிறகும் ஏறி இறங்குகிறதா? அப்போ ஏசியைச் சந்தேகப்படுங்கள். கலங்கள் இல்லாமல், கண்ணாடியில் ஒட்டிய, ஒளிரும் நுண்ணிய மணிகளை 2 நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுங்கள். ஏசி ஓடி நிற்கும் தாளத்தோடு விலகல் ஒத்துப்போனால் ஆள் பிடிபட்டது. யாழ்ப்பாண வெக்கையில் ஏசியை நிறுத்தச் சொல்ல மாட்டேன், காற்று கருவிமேல் நேரே விழாமல் திருப்பினால் போதும். இரவில் கரண்ட் போய் வந்தால் சூடேற்றலும் முதலில் இருந்துதான்.

ஒன்று: நிக்கொனின் பெர்பெக்ட் போக்கஸ் மாதிரி, போக்கஸைத் தானாகப் பிடித்து வைக்கும் அமைப்பு பிடித்து வைப்பது கண்ணாடிப் பரப்பை, கலத்தை அல்ல. கலங்களோடு மணிகளையும் வைத்துப் படம் எடுக்கையில், மணிகள் அசையாமல் நிற்க, கலங்கள் மட்டும் கூட்டமாக உருண்டையாகி மேலெழுந்தால் ஒளியே அவற்றை வதைக்கிறதோ என்று பாருங்கள். படம் எடுக்கப் பாய்ச்சும் நீல ஒளியின் அளவைக் குறையுங்கள்.