தடுமாறுவது பிள்ளையா, செயலியா?

கேள்வி: எட்டு வயது மகளுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம்). மூன்று வாசிப்புச் செயலிகளைக் கொடுத்துப் பார்த்தோம். எதைக் கேட்டாலும் "நல்லாயிருக்கு" என்கிறாள். எது உதவும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அவளிடம் கேட்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். பிடித்திருந்தால் திரையில் சிரிக்கும் முகத்தைத் தொடு என்றாலும் அதே கதைதான்.

ஒரு வேலை கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்: இரண்டாம் பாடத்தைத் திற, ஒரு பயிற்சியை முடி, வெளியே வா. கால் மணி நேரம் போதும். நீண்டால் களைப்பில் வரும் தவறுகளும் கலந்துவிடும். விரல் நின்ற இடத்தில் திரையிலுள்ள குறிப்பை நீங்களே வாசித்துச் சொல்லுங்கள். உடனே செய்துவிட்டால் பாடம் அவளுக்குத் தெரியும். குறிப்பை எழுத்தில் மட்டும் வைத்த செயலிமேல்தான் குறை. அப்போதும் விழித்தால், ஒன்று பயிற்சி அவள் நிலைக்கு மேலே இருக்கிறது, இல்லை எந்தப் பட்டன் எதற்கென்று விளங்கவில்லை. எதைத் தொடுவது என்று விரலால் காட்டினால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

கடிகாரம் ஓடும் பயிற்சியா? அதை நிறுத்தும் வசதி அமைப்புகளில் இல்லையென்றால் அந்தச் செயலி வேண்டாம். நிதானமாக வாசிக்கும் பிள்ளைக்கு அது வேகத்தை அளக்குமே தவிர வாசிப்பை அளக்காது. வாசித்துக் காட்டும் குரலின் வேகத்தைக் குறைக்க முடிய வேண்டும். குரல் சொல்லும் சொல் அதே நொடியில் நிறம் மாற வேண்டும்.

தமிழ்ச் செயலி என்றால் எழுத்துகளை அடுக்கும் விளையாட்டைத் திறந்து 'கொடி' மாதிரி ஒரு சொல்லைப் பாருங்கள். 'கொ' ஒரே கட்டையாக வர வேண்டும். சிலவற்றில் ககரம் தனியாகவும், கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தோடு தனியாகவும் வந்து நிற்கும். முழு எழுத்தாகப் பிரிக்காமல் யூனிகோடு (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் எண்முறை) குறியீடு வாரியாக வெட்டியதன் விளைவு அது. ஒலியையும் எழுத்தையும் பொருத்தவே திணறும் பிள்ளைக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

கடைசியாக, போனின் எழுத்தளவைப் பெரிதாக்கிவிட்டுத் திறங்கள். 'அடுத்து' பட்டன் திரைக்கு வெளியே ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். எழுத்து பெரிதாகவே இல்லையென்றால், செயலிக்குள் தனி அமைப்பு உண்டா என்று தேடுங்கள்.

கேள்வி: டிஸ்லெக்சியாவுக்கென்றே உள்ள எழுத்துரு பயன்படுமா?

பதில்: ஓப்பன்டிஸ்லெக்சிக் போன்றவற்றால் வாசிப்பு சீராக மேம்பட்டதாக ஆய்வுகள் காட்டவில்லை. அது ஆங்கிலம் போன்ற லத்தீன் எழுத்து மொழிகளுக்கு வரைந்தது. தமிழ்ப் பாடத்துக்கு ஆவதொன்றுமில்லை. எழுத்துருவை விட இடைவெளியைக் கவனியுங்கள்: வரி இடைவெளி எழுத்தளவைப் போல் 1.5 மடங்கு, இடப்பக்கம் மட்டும் நேராக. இரு ஓரமும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே ஒழுங்கற்ற பள்ளம் விழும். வெளிர்மஞ்சள் பின்னணி வேண்டுமா என்பது பிள்ளையின் விருப்பம்.